தண்ணீர் வலப்பக்கம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாகப் படுக்கை விரிப்புகளை மடித்தே வாங்கிய பெயர். வேலை முடியும்போது இடுப்பு தனியாக, கால் தனியாகக் கழன்றுவிடும். அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரைப் பாதையில் இறங்குவாள். அந்த அரைமணி நேரம் அவளை யாரும் கூப்பிட முடியாது. நாள் முழுக்க அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது அதற்காகத்தான்.

ஓட்டுவதில் மகா ஒழுங்கு. பாதை பாலத்துக்கு அடியில் நுழையும் முன்னால் மணி அடிப்பாள்; தலை இடிக்கிற தாழ்வான பாலமென்றால் இறங்கித் தள்ளுவாள்; ஈர இலைமேல் பிரேக்கைத் தொடமாட்டாள். பறக்கிறவர்களைப் பார்த்து, "எங்க தீப்பிடிச்சிருக்காம்?" என்று முணுமுணுப்பாள்.

இத்தனை ஒழுங்கும் ஒரு பொய்யின் மேல். போன வருஷம் இடக்கண்ணில் ஓரத்திலிருந்து பார்வை மங்க ஆரம்பித்தது. போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொட்டுமருந்து எழுதிக்கொடுத்த டாக்டர், "சைக்கிள் ஏதாவது ஓட்டறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, பஸ்தான்" என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். பஸ் என்றால் இரண்டு மாறி, ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வரவேண்டும்.

மனதுக்குள் ஓர் ஏற்பாடும் செய்துகொண்டாள். காலையில் போகும்போது தண்ணீர் இடப்பக்கம், தெரியாத பக்கம். அதனால் முக்கால் மணி முன்னதாகவே கிளம்பி, தள்ளிக்கொண்டே போனாள். சாயங்காலம் தண்ணீர் வலப்பக்கம், பளிச்சென்று தெரியும். அதனால் ஏறி ஓட்டினாள். தான் கால்வாயில் விழக்கூடாது, அவ்வளவுதான். அந்தப் பாதையில் மற்றவர்களும் நடப்பார்கள் என்பது அந்தப் பாவிக்குத் தோன்றவே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஹேண்டில்பாரின் இடது முனை எதிலோ உரசியது. நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். ஒரு குழந்தை வண்டி. அதன் மேல்துணி கிழிந்து தொங்க, உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"சாரிங்க, நான்தான் இன்னும் ஓரமா வந்திருக்கணும். உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள் குழந்தையின் அம்மா.

திட்டியிருந்தால் மடிப்பக்கா பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பாள். இப்போது சைக்கிளிலிருந்து இறங்கினாள்.

"உங்க மேல தப்பில்லம்மா. எனக்கு இந்தப் பக்கம் கண்ணு தெரியாது."

அந்தப் பெண் வண்டியைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்புறம் ஏங்க ஓட்டறீங்க?"

மடிப்பக்கா மறுபடி ஏறவில்லை. மீதி வழி முழுக்கத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

நடந்ததைப் புருஷனிடம் சொன்னாள். அவர் சொட்டுமருந்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பஸ்லயே வந்துடேன்."

"வேணாங்க. தள்ளிக்கிட்டே வந்துடறேன்."

"போகவும் தள்ளி, வரவும் தள்ளி, அப்புறம் எதுக்கு சைக்கிள்?"

அவள் தலையைச் சாய்த்துக் கண்ணைக் காட்டினாள்.

"அடுத்த பாலம் தாண்டி ஏறிக்கலாம்னு நெனச்சுக்கிட்டே நடக்கலாம்ல" என்றாள்.