முட்டையில் தெரிந்த பிறை

குளச்சலில் நாங்கள் கடைசி நோன்பில் இருக்கும்போதே வளைகுடாவில் என் வீட்டுக்காரர் பெருநாள் பிரியாணி தின்றுகொண்டிருப்பார். பிறை தெரிந்த மறுநாள்தான் பெருநாள்; அங்கே அது ஒரு நாள் முன்னமே தெரிந்துவிடும். பல வருடங்களாக இதே கதைதான். அன்றைக்கும் காலையிலேயே புதுச்சட்டையோடு வீடியோ காலில் வந்து வம்புக்கு இழுத்தார்.

"ஏட்டி, ஒரே நிலாதானே? நேத்து சாயங்காலம் எங்களுக்குத் தெரிஞ்ச பிறை, கடற்கரையில கூட்டமா நின்ன உங்களுக்கு ஏன் தெரியல்ல? ஊருல எல்லாருக்கும் கண்ணு போச்சா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிளஸ் டூ முடித்த மகளுக்கு பிசிக்ஸ் படிக்க ஆசை. அவரோ, நர்சிங் படித்தால் அங்கே வேலை நிச்சயம் என்று ஒற்றைக் காலில் நின்றார். அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. நான் மகள் கட்சி. ஆனால் என் கட்சி இதுவரை ஜெயித்ததில்லை.

மகள் போனை வாங்கவில்லை. அடுக்களைக் கதவையும் ஜன்னலையும் சாத்தினாள். எமர்ஜென்சி விளக்கை மேடையில் வைத்தாள். என்னை எதிரே நாற்காலியில் உட்காரவைத்து, போனின் கேமராவை விளக்கின் பக்கம் திருப்பிப் பிடிக்கச் சொன்னாள். விளக்கு சூரியனாம், நான் பூமியாம். பூமி சுற்றும் என்று அவளே சொல்லிவிட்டு, "உம்மா, அசையாதே" என்று என்னை அதட்டவும் செய்தாள். மறுநாள் பிரியாணிக்கு வைத்திருந்த முட்டை ஒன்றை எடுத்து விளக்குக்குச் சற்று முன்னால், அதன் ஓரமாக நீட்டினாள்.

"வாப்பா, இதுதான் நிலா. சொந்த வெளிச்சம் கிடையாது, சூரியன் குடுக்கதுதான். இப்போ தெரியுதா?"

"எங்க மக்கா, விளக்கு கண்ணைக் கூசுது. முட்டையே காணல்லியே."

"நேத்து எங்களுக்கு இதுதான் நடந்துச்சு. நிலா சூரியனுக்கு ரொம்பப் பக்கத்துல நின்னுச்சு. வெளிச்சம் பட்ட பக்கம் சூரியனைப் பாத்து, இருட்டுப் பக்கம் நம்மளப் பாத்து. இருந்த கொஞ்சக் கீற்றையும் அந்திவெளிச்சம் முழுங்கிடுச்சு."

முட்டையை மெல்ல விளக்கைவிட்டு விலக்கினாள். ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து தெரிந்தது. நானே வாயைப் பிளந்தேன்.

"எங்களுக்கு சூரியன் மறைஞ்ச பெறகுதானே உங்களுக்கு மறையும்? அதுக்குள்ள நிலா அது சுத்துத பாதையில இவ்வளவு தூரம் விலகிடும். அதனால உங்களுக்குத் தெரிஞ்சுது. ஊர்க்காரங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல."

திரையில் அவர் முகம் இன்னும் கிட்டே வந்தது.

"இது யாரு சொல்லித் தந்தா?"

"நானே யோசிச்சேன், வாப்பா."

உடனே அவர் அறையில் இருந்தவர்களைக் கூவி அழைத்தார். "எல்லாரும் வாங்கடே, என் மவ பிறை காட்டுதா!" சின்னத் திரைக்குள் தலைகள் நெருக்கியடித்தன. அவள் முதலிலிருந்து செய்துகாட்டினாள். என் கை வலித்தது. ஆனாலும் அசைவேனா? இந்தப் பிள்ளையை நான்தான் பெற்றேன் என்று அந்த அறை முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது.

கூட்டம் கலைந்ததும் அவர் தணிந்த குரலில் பேசினார். "மக்கா, நர்சிங் வேண்டாம். நீ பிசிக்ஸே படி. அடுத்த பெருநாளுக்கு லீவு போட்டு வாறேன். நம்ம கடற்கரையில உன்கூட நின்னு நானும் பிறை பாக்கணும்."

நோன்பு வாயோடு அழக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. நான் அழுதேன்.