முப்பது போத்தல் வித்தியாசம்

கண்டி நகரில் மருந்து மொத்த விநியோகம் செய்த ஒரு சிறிய கொம்பனியில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளராக என் வேலைக்காலம் முழுவதையும் கழித்தேன். இப்போது ஸ்டோர்ஸ் வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னைக் கண்டால், "கொம்பியூட்டர் இல்லாம எப்படி மிஸ் சமாளிச்சீங்க?" என்று கேட்பார்கள். அது இல்லாதபோது கஷ்டம் இருக்கவில்லை. அது வந்த வருடம்தான் கஷ்டம். யுத்தம் நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகள் அவை.

1. விற்க வந்தவர்

எங்கள் முதலாளி கண்டிக்குப் பக்கத்து ஊரான மடவளைக்காரர். ஹஜ் செய்தவர் என்பதால் ஊரே அவரை ஹாஜியார் என்றுதான் கூப்பிடும். ஒருநாள் கொழும்பிலிருந்து டை கட்டிய ஒருவர் கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து ஒபீஸ் மேசையில் வைத்தார். திரையில் நிறம் நிறமாகப் படங்கள் வந்தன. ஒரு பட்டனைத் தட்டினால் கையிருப்பு, இன்னொன்றைத் தட்டினால் ஓடர் லிஸ்ட். ஹாஜியார் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முகம் மலர்ந்து பார்த்தார்.

"ராணி, இது நல்லா ஈக்கிதே. என்ன செல்றீங்க?"

எனக்கு அந்த இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் வேலையைப் பற்றித் தெரியும். ஒரே மருந்து பல பெச்சுகளில், அதாவது தயாரிப்புத் தொகுதிகளில், வரும். ஒவ்வொரு பெச்சுக்கும் காலாவதித் திகதி வேறு. முதலில் திகதி முடிவது முதலில் போக வேண்டும். அதனால் பெச்சுக்கு ஒரு கார்ட் போட்டு, வந்தது போனது எல்லாம் கையால் எழுதிவந்தேன்.

"ஒரே சிரப் ரெண்டு பெச்சுல வந்தா, இதுல எப்படிங்க தனித்தனியா காட்டும்?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்து, "அத ரிமார்க்ஸ்ல டைப் பண்ணிக்கலாம் மிஸ்" என்றார். அது பலசரக்குக் கடைகளுக்காகச் செய்த மென்பொருள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஹாஜியார் அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, "இவருக்கு நம்மட வேலை வெளங்கல்ல" என்றார்.

2. பெட்டியில் உட்கார்ந்தவர்

அடுத்து வந்தவர் குகநேசன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சண்டையில் வீட்டை விட்டு வந்து, கட்டுகஸ்தோட்டையில் ஒரு போடிங்கில் தங்கியிருந்தார். டவுனில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் படிப்பித்தார். அவர் எந்த இயந்திரத்தையும் கொண்டுவரவில்லை. ஒரு கொப்பியோடு வந்து ஸ்டோர்ஸ் மூலையில் ஒரு மருந்துப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, எப்ப வேலையத் தொடங்குவீங்க?" என்றேன்.

"இதுதான் அக்கா வேலை. முதல் நீங்கள் செய்யிறதைப் பாக்கோணும். பாக்காமல் எழுதினால் அது என்ர புரோகிராமா இருக்கும், உங்கட ஸ்டோர்ஸா இராது."

இரண்டு கிழமை அப்படி இருந்தார். பெச் இலக்கம் இல்லாமல் ஒரு போத்தலையும் பதிய முடியாதபடி, ஹாஜியார் வாங்கிய கொம்பியூட்டரில் புரோகிராமை எழுதினார். படமும் இல்லை, நிறமும் இல்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. எனக்கு அது பிடித்திருந்தது.

3. கார்டும் லிஸ்டும்

ஆனாலும் கார்டுகளை விட நான் சம்மதிக்கவில்லை. மின்வெட்டு வேறு அடிக்கடி வந்தது. அதனால் சில மாதங்களுக்கு இரண்டும் ஒன்றாக ஓடட்டும் என்று முடிவாயிற்று. நான் கார்டில் எழுதுவேன். குகநேசன் டெலிவரி புத்தகத்தின் கார்பன் பிரதியைப் பார்த்துக் கொம்பியூட்டரில் பதிவார். மாத முடிவில் ஒப்பிடுவோம்.

முதல் மாதம் அவருடைய பக்கத்தில் நாலு பிழை. இரண்டாம் மாதம் ஒன்று. மூன்றாம் மாதம் ஒரு இருமல் சிரப்பில் முப்பது போத்தல் இடித்தது. ஒரு பெச்சில் முப்பது கூட, இன்னொரு பெச்சில் முப்பது குறைய.

"அக்கா, றாக்கையில ஏறி ஒருக்கா எண்ணிப் பாப்பமே? பத்து நிமிசம்தான்."

"தேவையில்ல தம்பி. என் கார்ட்ல பிழை வராது. உங்க புரோகிராமப் பாருங்க."

எங்களிடம் அப்போது பிரின்டர் இல்லை. விநியோக லிஸ்ட் முழுவதையும் வகுப்பில் பிரின்ட் எடுத்து, போடிங்கில் வைத்து வரிவரியாகப் பார்ப்பதாகச் சொல்லி, அதை டிஸ்கில் ஏற்றிக்கொண்டு போனார் குகநேசன்.

4. பாலத்தடியில்

நாலாம் நாள் காலை, மடவளை பஸ்ஸில் வந்த ஒரு வியாபாரி நேராக ஹாஜியாரிடம் வந்தார். "ஒங்கட கொம்பியூட்டர் தம்பிய கட்டுகஸ்தோட்டப் பாலத்தடி ஆமி செக் பொயின்ட்ல பஸ்ஸால எறக்கினாங்க. பேக்ல இருந்த கடதாசியப் பாத்துட்டு பொலிசுக்குக் கொண்டு போயிட்டாங்க" என்றார்.

அந்தக் கடதாசி என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தலைப்பு இல்லை. ஊர்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் மூன்று மூன்று எழுத்தாக. பக்கத்தில் பெச் இலக்கம், எண்ணிக்கை, திகதி. பன்வில நாற்பது, ஹேவாஹெட்ட அறுபது. அதைக் கொண்டுவந்தவரின் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். அந்த நாட்களில் ஒருவரைப் புலி என்று சந்தேகிக்க இதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. அங்கிருந்து வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டால் ஆளைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு.

நான் ஹாஜியாரைப் பார்த்தேன். கடை வைத்திருக்கும் மனிதர், குடும்பக்காரர், ஒதுங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"ராணி, கார்ட் பெட்டி, டெலிவரி புத்தகம், எல்லாத்தையும் எடுங்க. கார்ல ஏறுங்க."

பொலிசில் குகநேசன் ஒரு மர வாங்கில் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டும் தலையை நிமிர்த்தவில்லை. மேசையில் லிஸ்ட் விரித்திருந்தது. பக்கத்தில் அவருடைய டிஸ்குகள். அதிகாரி நடுத்தர வயதுக்காரர். சிங்களத்தில் பேசினார். இது மருந்து லிஸ்ட் என்று ஹாஜியார் விளக்கினார். அதிகாரி நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை.

"நான் வரியைத் தெரிவு செய்கிறேன். நீங்கள் கார்டைக் காட்டுங்கள்" என்றார்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் விரல் வைத்த வரிக்கெல்லாம் கார்டை எடுத்து நீட்டினேன். மருந்து, பெச், எண்ணிக்கை, திகதி. பன்வில சரி. அடுத்ததும் சரி. நாலு வரி சரியாக வந்தது. ஐந்தாவதாக அவர் விரல் வைத்தது ஹேவாஹெட்ட, அறுபது. என் கார்டில் முப்பது.

"மீதி முப்பது எங்கே?"

டெலிவரி புத்தகத்தைப் புரட்டினேன். ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரியின் சீலும் கையெழுத்தும் இருந்தன. ஒரே பெச்சில் அறுபது போத்தல் போயிருந்தது. அன்று இரண்டு தடவையாக ஏற்றினோம். இரண்டாவது முப்பதை நான் பழைய பெச்சின் கார்டில் எழுதியிருக்கிறேன். குகநேசன் மூன்று நாளாகத் தேடிய முப்பது அதுதான். அவர் கேட்டபோதே நான் ஏணியில் ஏறி எண்ணியிருந்தால் அந்த லிஸ்ட் அவர் பையில் இருந்திருக்காது.

"சேர், லிஸ்ட் சரி. பிழை என்னுடையது" என்றேன். இரண்டாவது கார்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து, பிழையாக எழுதிய வரியைக் காட்டினேன்.

அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு டெலிபோனை எடுத்து, டெலிவரி புத்தகத்தில் இருந்த தோட்டத்து இலக்கத்துக்கு லைன் கேட்டார். அது கிடைக்க வெகுநேரம் ஆனது. மறுமுனையில் டிஸ்பென்சரிக்காரர் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பெச் இலக்கத்தை வாசிக்க, இவர் லிஸ்டில் விரலை நகர்த்திக்கொண்டே கேட்டார். "அறுபதா? நிச்சயமா?" ரிசீவரை வைத்தார்.

வாக்குமூலம் எழுதி முடித்ததும் குகநேசனிடம் பெல்ட்டைக் கொடுத்தார்கள். டிஸ்குகளை மட்டும் இரண்டு நாள் வைத்திருந்து தந்தார்கள்.

வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "தம்பி, அன்னைக்கே நான் எண்ணியிருந்தா..." என்றேன்.

"விடுங்கோ அக்கா. என்ர புரோகிராம்தான் பிழையெண்டு நான் மூண்டு இரவு நித்திரை கொள்ளேல்ல. இண்டைக்குப் படுப்பன்" என்றார் அவர்.

ஹாஜியார் கார்க் கதவைத் திறந்து பிடித்தார். "அல்லா காப்பாத்தினான். ரெண்டு பேரும் ஏறுங்க, முதல்ல சாப்புடுவோம்." அன்று நாங்கள் மூவரும் சாப்பிட்ட சோறும் மீன் குழம்பும் போல் ஒரு சாப்பாட்டை அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதில்லை.

அந்தக் கிழமையே றாக்கை முழுவதையும் எண்ணினோம். கொம்பியூட்டர் சொன்னதில் ஒரு போத்தல்கூடப் பிசகவில்லை. கார்டுகளை நானே கட்டி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

புதிய பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டு விஷயம். மென்பொருள் வாங்கும்போது அது காட்டும் வேடிக்கையைப் பார்க்காதீர்கள்; உங்கள் வேலையில் எது சிக்கலோ அதைக் கேளுங்கள். கையெழுத்தும் இயந்திரமும் வேறு வேறு சொன்னால் இரண்டையும் நம்பாமல் சரக்கை எண்ணுங்கள்.

மூன்றாவது ஒன்றைக் குகநேசனே செய்தார். எந்த லிஸ்ட் அடித்தாலும் மேலே கொம்பனிப் பெயரும், 'மருந்து விநியோகப் பட்டியல்' என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தலைப்பும், ஊர்ப் பெயர்கள் முழுதாகவும் வரும்படி மாற்றினார். நம்மைத் தெரியாதவன் வாசித்தாலும் விளங்க வேண்டும் என்றார்.

அடுத்த மாதம் அதே பாலத்தடியில் அவரை மறுபடி இறக்கினார்களாம். ஆமிக்காரர் லிஸ்டை விரித்து, தலைப்பை எழுத்துக்கூட்டி வாசித்தாராம். பிறகு அதை மடித்துக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, முழங்கால் வலிக்கு எந்த மருந்து நல்லது என்று கேட்டாராம்.