பேர் வெட்டிய ரேசர்

தசரதனுக்கு ஊரில் இரண்டு பேர். ரேஷன் கார்டில் தசரதன். முதுகுக்குப் பின்னால் ரேசர் திருடன் மகன். அதை முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. அவர்களில் இரண்டு பேருக்கு இன்று முன்பல் கிடையாது. அவனுக்குக் கோபம் அப்படி வரும்.

சங்கதி முப்பத்தெட்டு வருடம் பழசு. தோணிரேவுக்கு வடக்கே ஏரியோரம் ஒரு சின்னக் குப்பம். அங்கே தசரதனின் நைனா சகாதேவனும், உலகநாதனின் அப்பா செங்கல்வராயனும் ஒரே படகில் தொழில் செய்தவர்கள். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து செங்கல்வராயன் செத்துப்போனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு மீசை எடுக்க வேண்டிய உலகநாதனுக்கு அப்போது வயதும் பதினாறு. அப்பாவின் சீமை ரேசரைத் தேடினானாம். வீட்டில் இல்லை. அடுத்த வாரம் பார்த்தால், அதே ரேசரை வைத்துக்கொண்டு சகாதேவன் படகுத்துறையில் குந்தி முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பன் பேரு வெட்டிக் கீது அதுல. செத்தவன் பொருள எடுத்துக்கினான்" என்று உலகநாதன் ஊர்க்கூட்டத்தில் அழுதான். அந்தக் காலத்தில் குண்டா, சொம்பு எதுவானாலும் பாத்திரக் கடையிலேயே பேர் வெட்டித்தான் வீட்டுக்கு வரும். எவன் பேர் இருக்கிறதோ அவன் பொருள். அதற்குமேல் யாரும் யோசிப்பதில்லை.

"அவன் குடுத்தான், நான் வாங்கிக்கினேன்" என்றார் சகாதேவன். கொண்டுவந்து காட்டு என்றார்கள். "என் பேச்ச நம்பாதவன் கையில என் பொருள இன்னாத்துக்குக் குடுக்கணும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். ரேசரைத் தகரப்பெட்டியில் போட்டுப் பூட்டினார். அதோடு முகம் மழிப்பதையே விட்டார். தாடியோடேதான் செத்தார். வீம்பு பிடித்த மனுஷன். அந்த வீம்புக்குத்தான் குடும்பமே அழுதது.

எப்படியென்றால், கூட்டத்தில் அவர் பேரைப் பாடு சீட்டிலிருந்து அடித்துவிட்டார்கள். ஏரியில் இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று சீட்டுக் குலுக்கிப் போடுவதுதான் பாடு. அப்பனுக்கு இருந்தால்தான் பிள்ளைக்கு வரும். பேர் இல்லாதவன் இறால் ஓடும் இடத்தை எட்ட நின்று பார்க்கலாம். தசரதன் பத்து வயதில் நண்டு வலையைத் தொட்டவன், நாற்பத்தெட்டு வயதிலும் கரையோரச் சேற்றில் அதே நண்டு வலையைத்தான் இழுத்துக்கொண்டிருந்தான். பசியாவரத்திலிருந்து வெண்ணிலாவைக் கட்டிக்கொண்டு வந்தபோது, பாடு இல்லாத வீட்டுக்கா பெண் கொடுத்தோம் என்று அவளுடைய அண்ணன்மார் கல்யாணச் சாப்பாட்டைக்கூடப் பாதியில் விட்டுப் போனார்கள்.

வருடா வருடம் சீட்டுப் போடும் கூட்டத்தில் அவன் பாடு கேட்டு எழுந்து நிற்பான். முன்வரிசையிலிருந்து உலகநாதன் ஒரே வார்த்தைதான் சொல்வான். "ரேசரக் கொண்டாந்து வெய்யி. எங்கப்பன் பேரு அதுல இல்லன்னா உன் பேர நானே எழுதறேன்." கூட்டம் சிரிக்கும். தசரதன் கையை முறுக்குவான், நாலு பேர் பிடித்து உட்கார வைப்பார்கள்.

அவனுடைய அம்மா அங்காளம்மாள் பெட்டிச் சாவியை முந்தானையை விட்டு அவிழ்த்ததேயில்லை. புருஷன் மூடியதைத் திறக்கக்கூடாது என்று ஒரே பிடிவாதம். போன மாசியில் அவளும் போய்ச் சேர்ந்தாள். சாவி வெண்ணிலா கைக்கு வந்தது. கூட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது.

பெட்டிக்குள் இருந்ததை ரேசர் என்று சொல்லக் கூசும். உப்புக்காற்று உள்ளே புகுந்து, பிடியெல்லாம் பச்சைக் களிம்பு. மேல்மூடி, பல் தகடு, பிடி மூன்றும் ஒன்றாக இறுகிக் கிடந்தன. நடுவில் பழைய பிளேடு துருவாகி ஒட்டியிருந்தது.

"நல்லா வெளக்கி எடுத்துக்கினு போறேன். ஒரு எழுத்தும் இல்லன்னு அவன் மூஞ்சில எறியறேன்" என்று தசரதன் உப்புத்தாளை எடுத்தான்.

"அறிவு கீதா உனக்கு?" வெண்ணிலா அதைப் பிடுங்கினாள். "தேய்ச்சி அழிச்சிட்டான்னு சொல்லுவான். எழுத்து இருந்தா இருக்கட்டும், இல்லன்னா இல்லன்னு தெரியட்டும். புளி போட்டு வெளக்கு."

புளியைக் கரைத்து ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தான். இரண்டாம் நாள் களிம்பு இளகியது. பிடியில் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. இன்னும் தேய்த்தான். செ. ங். க. ல். அதற்குமேல் அவன் கை ஓடவில்லை. மிச்சத்தை வெண்ணிலாதான் தேய்த்தாள். செங்கல்வராயன். முழுசாக, அழகாக வெட்டியிருந்தது.

தசரதன் வாசலில் போய் உட்கார்ந்தான். ஊரை அடித்த அடியெல்லாம் எதற்கு என்று தோன்றியது. "திருட்டு நாயி" என்றான். உலகநாதனை அல்ல, பெற்ற அப்பனை. "அந்தாளுக்காக நான் ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தேன்மே. கொண்டா, ஏரியில கடாசறேன்."

வெண்ணிலா கொடுக்கவில்லை. "உங்க நைனா தப்பு பண்ணிருந்தா அன்னைக்கே ஏரியில போட்டிருப்பாரு. பூட்டி வெச்சிருக்க மாட்டாரு. முழுசாத் தொறந்து பாத்துட்டு அப்பறம் கடாசு."

மண்ணெண்ணெயில் நாலு நாள் ஊறியும் மரை அசையவில்லை. தசரதன் அதைத் திட்டியபடியே கொதிதண்ணீரில் போட்டு எடுத்தான். பிடியில் துணி சுற்றி, பிளேயரால் பிடித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். கிறீச்சென்றது. உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தான். மரை ஒரு சுற்று வந்திருந்தது. துருப்பிடித்த பிளேடு பொடியாக உதிர்ந்தது. மூடியின் உள்பக்கம் வெளிக்காற்றே படாமல் வெள்ளையாக மின்னியது. அங்கேயும் எழுத்து. நடு மரைக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு வரி, இந்தப் பக்கம் ஒரு வரி.

சகாதேவனுக்கு. அன்பளிப்பு.

தசரதன் எழுத்துக்கூட்டி இரண்டு தபா படித்தான். பிறகு குழந்தை மாதிரி விம்மி அழுதான். நைனாவுக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. தன் மானம் இந்த மூடிக்குள் இருப்பது தெரியாமலே பூட்டி வைத்துவிட்டுச் செத்துப்போனார்.

கூட்டத்தன்று உலகநாதன் வழக்கம்போல வாயைத் திறந்தான். அவன் முடிக்கும்முன் தசரதன் ஊர்த் தலைவரான நாட்டார் சுப்பராயலு முன்னால் பாயில் ரேசரை வைத்தான். பளபளவென்று இருந்தது. நாட்டார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிடியைப் பார்த்தார்.

"செங்கல்வராயன்னு போட்டுக் கீதேடா."

"நாந்தான் அப்பவே சொன்னேனே" என்றான் உலகநாதன்.

"தொறந்து மூடிக்குள்ளாறப் படி நாட்டாரே."

நாட்டார் திறந்தார். சத்தமாகவே படித்தார். "செங்கல்வராயன். சகாதேவனுக்கு அன்பளிப்பு." கூட்டத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. வெட்டிய பேர் பொருள்காரன் பேராகத்தான் இருக்கணுமா, கொடுத்தவன் பேராகவும் இருக்குமே என்பது இவ்வளவு பேரில் ஒருத்தருக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. கல்யாணத்துக்கு மொய்க் குடமாக வருடம் பத்துப் பேருக்குத் தன் பேரை வெட்டிக் கொடுக்கிற ஊர் இது.

"உனக்குத் தெரியுமாடா இது?" என்று நாட்டார் உலகநாதனைக் கேட்டார்.

உலகநாதன் பாயையே பார்த்தான். "எனக்கு மீசை மொளைச்சிக்கினு வர்ற நேரம். எனக்குத்தான் தருவாருன்னு நெனச்சிக்கினு கீறேன். பாத்திரக் கடைக்கு என்னையே அத்தத் தூக்கிக்கினு போகச் சொல்லி, ஊரான் பேர வெட்டினாரு." ஐம்பத்து நாலு வயதிலும் அந்த ஆங்காரம் ஆறவில்லை.

நாட்டார் சீட்டில் தசரதன் பேரை எழுதினார்.

"அத்தக் குடுத்துடு" என்றான் உலகநாதன். "எங்கப்பன் பேரு போட்டது. எங்க வூட்ல அவரு பொருள்னு ஒண்ணுகூட இல்ல."

ஒரு குத்து விட்டிருந்தால் தசரதனுக்கு ஆறியிருக்கும். ஆனால் கை ஓங்கவில்லை. ரேசரை எடுத்துத் திருகினான். எண்ணெய் போட்ட மரை வழுக்கிக்கொண்டு சுழன்று கழன்றது. பிடியை உலகநாதன் முன்னால் வைத்தான். மூடியையும் பல் தகட்டையும் மடியில் முடிந்துகொண்டான்.

"உங்கப்பன் பேரு உன்னாண்ட இருக்கட்டும். எங்கப்பன் பேரு என்னாண்ட."

இனி அதை வைத்து ஒருத்தனும் முகம் மழிக்க முடியாது. தசரதன் வலையைப் பார்க்கப் போனான்.