ரோஸ் நோட்டீஸின் நடு வரி

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். நான் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தேன். குளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பெண் எடுத்திருந்தேன். போயும் போயும் பெட்டி தட்டுகிறவனுக்கா பெண்ணைக் கொடுத்தார் என்று சொந்தக்காரர்கள் என் மாமனாரைப் பேசாத பேச்சில்லை. அந்த ஊர்த் திருவிழா நாடகத்துக்கே வாசிக்க அழைப்பு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டீஸில் நட்டநடுவில், கொட்டை எழுத்தில் என் பேர்தான் வரும் என்று மாமனாரிடம் அளந்துவிட்டேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பெரிய எழுத்துக்கு என்ன மரியாதை என்பது நன்றாகத் தெரியும்.

புதுக்கோட்டையில் அச்சாபீஸுக்கு நானே போய் நின்றேன். காகிதத்தை நாலாக மடித்தால் மடிப்புகள் சந்திக்கிற இடத்தில்தான் கண் முதலில் விழும், அங்கே ஒரே ஒரு வரிதான் பெரிதாக நிற்கலாம், எல்லாவற்றையும் பெரிதாக்கினால் சந்தைக் கூச்சலாகிவிடும் என்றார் அச்சாபீஸ்காரர். அது எனக்கும் தெரியும். அந்த ஒரு வரி நானாக இருக்கவேண்டும் என்பதுதான் என் வழக்கு. விழாக்காரர்களைக் கேட்டுச் செய்கிறேன் என்று அனுப்பிவைத்தார்.

நோட்டீஸ் ரோஸ் காகிதத்தில் வந்தது. மேலே வில்லாக வளைத்து நாடகத்தின் பேர். இடது ஓரத்தில் வேஷங்கள், வலது ஓரத்தில் நடிகர்கள், எல்லாம் நூல் பிடித்ததுபோல் நேராக. நட்டநடுவில், மர அச்சில், இரண்டு விரல் உயரத்துக்கு: 'பெண்களுக்குத் தனி இடவசதி உண்டு.' என் பேர் வலது மூலையில், அச்சாபீஸ் பேருக்கு மேலே, பொடி எழுத்தில் கிடந்தது.

மாட்டு வண்டியில் கொட்டடித்து வீசிக்கொண்டு போனதில் ஒன்றை மாமனார் எடுத்துவைத்துக்கொண்டு, சொந்தக்காரர் வீடு வீடாகப் போய் அந்த நடு வரியைத் தடவிக் காட்டியிருக்கிறார். அவர்களில் யாருக்கு எழுத்து தெரியும், யார் உள்ளுக்குள் சிரித்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

திருவிழாவன்று மத்தியானம் நாங்கள் அவர் வீட்டில் போய் இறங்கியதும் நோட்டீஸை என் மனைவியிடம் நீட்டினார். அவள் ஐந்தாவது வரை படித்தவள்.

"படி தாயி. ஒன் வாயால கேக்கணும்."

அவர் விரல் நடு வரியில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள், என்னை மட்டும் பார்க்கவில்லை. புருஷன் பேரைப் பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத வழக்கம் அன்று அவளுக்குக் கைகொடுத்தது.

"ஆர்மோனியத்துல கெட்டிக்காரவுகன்னு போட்டிருக்குப்பா. அப்பறம் அவுக பேரு."

நான் தண்ணீர் குடிப்பதுபோல் செம்பால் முகத்தை மறைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். மாமனார் நோட்டீஸை விடுவதாக இல்லை. விரல் மெல்ல இறங்கி வலது மூலைக்குப் போய் நின்றது. இங்கே இத்துனூண்டாகக் கிடப்பது யார் என்று கேட்டார்.

"அது யாரோப்பா," என்றாள்.

மாமனார் அந்தப் பொடி எழுத்தை விரலால் ஒருதரம் தடவினார்.

"பாவம். அவனுக்கும் மாமனார் வீடுன்னு ஒண்ணு இருக்கும்ல."