அம்புக்குறியைப் பார்க்காத ஃபார்மட்

ஊர் அவனுக்கு வைத்த பெயர் ஃபார்மட். கணினி தும்மினாலும் இருமினாலும் அவன் கைவசம் ஒரே கஷாயம்தான்: எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஏற்றுவது. திரை அணைந்தால் வைரஸ். மவுஸ் நகராவிட்டாலும் வைரஸ். ஒருமுறை, பிளக்கே சொருகாத கணினியைப் பார்த்தும் அந்தச் சொல் வாய்வரை வந்ததாம், விழுங்கிக்கொண்டான். பத்தொன்பது வருட ரிப்பேர் தொழிலில் அவன் வாயை அடக்கியது அன்று ஒருநாள்தான்.

அவனுடைய அக்கா, துணியில் தைக்கும் பூவேலைக்குக் கணினியில் டிசைன் வரைபவள். பதினோரு வருடத்தில் அறுநூற்றுச் சொச்சம் வரைந்திருந்தாள். எதிர்வீட்டுத் தையல்காரி அவற்றைத் துணியில் ஏற்றுவாள். திடீரென்று ஒருநாள், பெரிய டிசைனைத் திறந்தால் மட்டும் புரோகிராம் பட்டென்று மூடிக்கொண்டது. சின்னதைத் திறந்தால் சமர்த்தாக இருந்தது.

கோளாறு கணினியின் நினைவகமான ரேமில் இருக்கலாம் என்று அதைக் கழற்றிப் பார்க்க இந்த ஒரு துப்பு போதும். அவன் பையைக்கூட இறக்கிவைக்கவில்லை.

"வைரஸ்தான்க்கா."

"போன வாரம் எதிர்வீட்டுக்காரி அவ பென்டிரைவ சொருகினா. அதுலேர்ந்து வந்திருக்குமோ?"

"வராம? பென்டிரைவ் ஊரெல்லாம் மேயுற ஆடு மாதிரி. எங்க வாய வச்சுதோ! சரி, டிசைனுக்கெல்லாம் காப்பி இருக்கா?"

"என் பென்டிரைவ்ல ஏத்திட்டேன்டா. ஒண்ணொண்ணா திறந்தும் பாத்துட்டேன். எல்லாம் நல்லா திறக்குது."

அதே கணினியில் சொருகிப் பார்த்தான். படங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு குட்டி வளைந்த அம்பு. அம்பு இருந்தால் அது ஃபைல் இல்லை, ஃபைல் இருக்கும் இடத்தைக் காட்டும் கைகாட்டி மட்டுமே என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவன் அவன். அக்கா திறந்து பார்த்ததும் பொய்யில்லை. ஆனால் திறந்தது அதே கணினிக்குள் இருந்த மூல ஃபைல். பையிலிருந்த லேப்டாப்பில் ஒரே ஒருமுறை சொருகியிருந்தாலே அவனுக்குத் தெரிந்திருக்கும்.

"வேரோட பிடுங்கிடறேன்க்கா" என்று முழுசாகத் துடைத்தான்.

சாயங்காலம் பென்டிரைவைத் திறந்தால் அறுநூறு கைகாட்டிகள். அவை காட்டிய ஊர்தான் இல்லை. போதாததற்கு, சோதிக்கவென்று இணையத்திலிருந்து அவன் இறக்கிய பெரிய டிசைனில் புரோகிராம் மறுபடி மூடிக்கொண்டது. கணினியைப் பிரித்து ரேமை மாற்றினான். அதன்பின் புரோகிராம் மூடாமல் கல்லு மாதிரி நின்றது.

"என்னடா ஆச்சு?"

"வைரஸ்க்கா. ஃபைலையெல்லாம் தின்னுட்டு வெறும் அம்ப விட்டு வச்சிருக்கு."

அப்படிச் செய்யும் வைரஸ் உண்டுதான். பாதி உண்மை கலந்த பொய்க்கு ஆயுசு கெட்டி.

மறுநாளிலிருந்து அக்கா தையல்காரியோடு பேசவில்லை. "நான் என்னக்கா பண்ணேன்?" என்று அவள் வாசலில் வந்து கேட்டபோது, "உன் பென்டிரைவக் கேளு" என்று கதவைச் சாத்தினாள். ஃபார்மட் அப்போது உள்ளேதான் இருந்தான். கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தான். சுருட்ட வேண்டிய கேபிள் எதுவும் அங்கே இல்லை.

நான்கு மாதம். அக்கா ஒவ்வொரு இதழாக மறுபடி வரைந்தாள். தைக்கத் தூரத்துக் கடைக்கு அலைந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அவ இருந்தா இந்த நூல் கலர் ஒத்து வருமான்னு ஒரு வார்த்தைல சொல்லிருப்பா" என்றாள்.

அவன் சொல்லிவிட்டான். ரேம், அம்பு, பொய், எல்லாவற்றையும்.

"ஒரு தடவகூட உன் லேப்டாப்ல போட்டுப் பாக்கலையா?"

"இல்லக்கா."

"அன்னிக்கே சொல்லிருந்தா நாலு வார்த்த திட்டிருப்பேன். முடிஞ்சிருக்கும்."

திட்டவே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள். ஜன்னலிலிருந்து பார்த்தான். தையல்காரி கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றாள். அக்கா பேசினாள்; கையை ஆட்டி ஆட்டி, கடைசியில் இந்த ஜன்னலையும் காட்டிப் பேசினாள். தையல்காரி தலையாட்டிக் கேட்டாள். தாழ்ப்பாளில் மட்டும் கை வைக்கவில்லை.