தொடாத மோர்

சாயப்பட்டறை ஒன்றுக்கு உத்தரவு தரலாமா என்று ஊராரைக் கேட்கப் போன நாளில்தான் இந்த உத்தியோகம் எனக்குப் பிடிபட்டது. ஐம்பதுகளின் கடைசி. கோயமுத்தூரில் நகரமைப்புப் பிரிவில் ஓவர்சியராக இருந்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவன். சிங்காநல்லூரைத் தாண்டி ஒரு மில் முதலாளி சாயப்பட்டறை கட்ட பிளான் கொடுத்திருந்தார்.

ரோட்டுக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறது, புகை வருமா, சத்தம் கேட்குமா என்றெல்லாம் அன்றைய சட்டம் பார்க்கும். சாயத் தண்ணீர் மண்ணுக்குள் எங்கே போகும் என்று பார்க்காது. சுற்றுச்சூழல் என்ற பேச்சே அப்போது கிடையாது. அக்கம்பக்கத்தார் வாய் திறந்து ஆட்சேபித்தால்தான் உண்டு.

சைட்டுக்குக் கீழே பள்ளத்தில் நாச்சம்மாள் என்ற விவசாயப் பெண்மணியின் கிணறு. குடிக்க, பயிருக்குப் பாய்ச்ச, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். சைட்டை அளக்கும்போதே சரிவு அந்தக் கிணற்றைப் பார்த்து இறங்குவதைக் கவனித்தேன். அந்தம்மா ஆட்சேபிப்பார் என்று நம்பியிருந்தேன்.

விசாரணை சைட்டிலேயே, வேப்பமர நிழலில் நடந்தது. முதலாளி எல்லோருக்கும் மோர் கொடுக்கச் சொன்னார். எங்கள் ஆபீசர் மெட்ராஸ்காரர். மடமடவென்று குடித்துவிட்டு, "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார்.

"நமக்கென்னங்க, மொதலாளி செஞ்சா செரியாத்தானுங்க இருக்கும்" என்றார் ஒரு விவசாயி. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று ஆபீசர் கேட்டார்.

"நான் என்னத்தைங்க சொல்றது? அவிங்க நல்லா இருக்கோணுமுங்க" என்றார் நாச்சம்மாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. கிணறே போகப்போகிறது, இதில் மரியாதை என்ன வேண்டிக்கிடக்கிறது? ஆபீசர் "ஆட்சேபணை இல்லைன்னு எழுதுய்யா" என்றார். பேனாவைத் திறந்தேன்.

"ஓவர்சியர், சித்தெ இருங்க" என்றார் முதலாளி. அவர் பார்வை பெஞ்சின்மேல் இருந்தது. "ஒருத்தருமே மோரைத் தொடலீங்களே."

நானும் பார்த்தேன். காலியாக இருந்தவை ஆபீசருடைய டம்ளரும் என்னுடையதும்தான்.

"தாகமில்லையோ என்னவோ" என்று ஆபீசர் சிரித்தார்.

"இந்த வெயில்லீங்களா? எங்கூர்ல மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்லமாட்டாங்க. கை நனைக்காம எந்திரிச்சுப் போயிருவாங்க." நாச்சம்மாள் பக்கம் திரும்பினார். "ஏனுங்க அம்மணி, கெணத்துக்குத்தானே பயப்படறீங்க?"

அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் நம்ம தோட்டம் கெடக்குது. அங்க சரிவு எங்கெணத்துப் பக்கமுங்க. பட்டறையை அங்க மாத்திப்போடறேன். கெட்டா எங்கெணறு கெடட்டும்."

நாச்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பிறகு மற்றவர்களும் எடுத்தார்கள்.

"இப்ப என்னய்யா எழுதறது?" என்றார் ஆபீசர்.

"இடத்தை மாற்றினால் ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சட்டத்தைக் கரைத்துக் குடியுங்கள், தப்பில்லை. ஆனால் ஊர்க்காரர்கள் குடித்தார்களா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.