கண்ணாடித் தகட்டில் இல்லாத கோடு

நான் பொய் எழுதினேன். இல்லாத கோட்டை இருப்பதாக எழுதினேன். ஒரு முறையல்ல, நான்கு முறை!

அப்பொழுது எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் ஒரு நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிப்பவளாக இருந்தேன். காசநோய் ஆறிய பிறகும் சிலர் ரத்தமாக இருமுவார்கள். ஆறிய நுரையீரலின் பொந்துக்குள் பூஞ்சை புகுந்து பந்துபோலத் திரண்டிருக்கும். அதை ரத்தத்திலேயே கண்டுபிடிக்கும் புதிய சோதனை ஒன்று வந்தது. அது எவ்வளவு சரி என்று அளந்து பார்ப்பதுதான் எங்களுக்கு இடப்பட்ட பணி.

கண்ணாடித் தகட்டில் கூழ்போல் ஒரு படலம். நடுக்குழியில் பூஞ்சைச் சாறு, சுற்றிலும் நோயாளிகளின் ரத்தநீர். உடல் அந்தப் பூஞ்சையை எதிர்த்திருந்தால், மூன்றாம் நாள் இரண்டுக்கும் நடுவே வெள்ளைக் கோடு தெரியும். யாருடைய ரத்தம் என்று அறியாமலே நான் கோட்டைப் பார்க்க வேண்டும். விதி அது.

பெரிய டாக்டர் ஒருநாள் நான்கு எக்ஸ்-ரே படங்களோடு வந்தார்.

"இந்த நாலு பேருக்கும் பந்து பளிச்சுனு தெரியுது. நீ கோடு இல்லன்னு எழுதியிருக்க. நல்லா பாரும்மா."

பார்த்தேன். விளக்கின் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்... ஒன்றுமில்லை! அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். 'மங்கலான கோடு' என்று நான்கு இடத்திலும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஏன்? பயமா? இல்லை. 'கெட்டிக்காரி' என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக... சீ!

சோதனை நோயைத் தவறவிடுவதே இல்லை என்று அறிக்கை போயிற்று. அதன்பின் எங்கள் ஆஸ்பத்திரியில் அதுதான் தீர்ப்பு. கோடு இருந்தால் அறுவைக்குச் சென்னை. இல்லையென்றால் பழைய மாத்திரையோடு வீடு.

ஏழுமலை வந்தார். மலையைச் சுற்றும் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் மணிலாக் கடலை பயிரிடுபவர், நாற்பதைத் தாண்டாதவர். அவருடைய படம் தெளிவில்லாமல் இருந்தது. ரத்தத்திலும் கோடில்லை. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவர் மனைவி சரோஜா என் மேசைக்கு வந்து நின்றாள்.

"பூஞ்ச இல்லன்னு சொல்லிட்டாங்க சிஸ்டர். அப்போ ரத்தம் ஏன் இவ்ளோ ஜாஸ்தியா வருதுங்க?"

இந்தச் சோதனை தவறவிடும் என்று அந்தக் கட்டடத்தில் அறிந்தவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருத்தியைத்தான் அவள் கேட்டாள்! நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"டெஸ்ட்டுல இல்லன்னா இல்லதாம்மா."

ஆனாலும் மனம் கேட்கவில்லை. அவர் துப்பிக் கொடுத்திருந்த சளியில் மீதியை, யாருக்கும் சொல்லாமல் பூஞ்சை வளர்க்கும் தட்டில் இட்டேன். ஐந்தாம் நாள் தட்டு முழுக்கப் பச்சைப் பூஞ்சை. உடனே ஓடினேன் என்றா நினைக்கிறீர்கள்? இரண்டு நாள் அந்தத் தட்டை அலமாரியில் பூட்டி வைத்தேன்! 'சோதனையை ஏன் சந்தேகப்பட்டாய்' என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை தட்டை எடுத்துக்கொண்டு படியேறும்போது சரோஜா எதிரே வந்தாள்.

"நேத்து வாயி வாயா ரத்தம் வந்து பூட்டாருங்க சிஸ்டர். மிச்ச மாத்திரய குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். வேற யாருக்காவது ஆவும்."

அவள் கையிலிருந்து அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு, டாக்டரின் அறைக்குள் போய்க் கத்தினேன்.

"ஒரு கேஸ வெச்சு டெஸ்ட்டக் குறை சொல்லாதே" என்றார்.

"ஒண்ணு இல்ல சார், அஞ்சு!"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அந்த நாலுலயும் இருக்கறது யார் கையெழுத்து?"

வெளியே வந்தேன். அவர்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் உண்டு. ஆனால் அவர் கேட்டது உண்மையாயிற்றே! என் கை. என் எழுத்து. 'சின்ன உத்தியோகக்காரி, பாவம், என்ன செய்வாள்' என்று நீங்கள் இரங்குவீர்கள். வேண்டாம்! அந்த இரக்கத்தை என்னிடம் கொண்டு வராதீர்கள். எழுத மாட்டேன் என்று சொல்ல ஒரு வாய் போதாதா?

அந்தச் சோதனை மேலும் சில ஆண்டுகள் நடந்தது. கோடில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் யார் யார் என்ன ஆனார்கள்... எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் துணிவும் இருந்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு பௌர்ணமியன்று பகலிலேயே மலை சுற்றும்போது, அடி அண்ணாமலையில் ஒரு சிறு கடையிலிருந்து குரல் வந்தது.

"சிஸ்டர்! நீங்களா? வெயில்ல ஏன் நடக்கறீங்க? இப்டி நிழல்ல குந்துங்க."

சரோஜா. ஒரு சொம்பு மோரை நீட்டினாள். "அவர நல்லா பாத்துக்கினீங்க நீங்க" என்றாள்.

இப்பொழுது சொல்லிவிடு, இப்பொழுதாவது சொல்லிவிடு என்று உள்ளே எதுவோ அலறியது.

மோரைக் குடித்தேன். சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். மேலே நடந்தேன்.